சரி தவறு இல்லாத வினாத்தாள்

மகனுக்கு,

இந்த உறையைப் பிரிப்பதற்கு முன் நீ இரண்டு மூன்று முறை திருப்பிப் பார்த்திருப்பாய். தினமும் போனில் பேசுகிற அம்மா எதற்காகப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புகிறாள் என்று யோசித்திருப்பாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் வலி இருக்கிறது. எழுபத்து மூன்று வயதில் அது இல்லாவிட்டால்தான் டாக்டரிடம் போக வேண்டும். போனில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் பேச்சு கனமாகிற இடத்தில் நீ "சரிம்மா, வைக்கேன்" என்று வைத்துவிடுவாய். நானும் தப்பித்தோம் என்று ரசம் தாளிக்கப் போய்விடுவேன். இருபது வருடமாக இருவரும் இதை நன்றாகப் பழகிவைத்திருக்கிறோம். கடிதத்தை நடுவில் வைத்துவிட்டாலும் அது மேசை மேலேயே கிடக்கும், அதனால்தான் எழுதுகிறேன். முதலில் கடைசி வரை படி. அதற்குப் பிறகு கோபப்படு. அந்த வரிசை முக்கியம்.

சென்ற வாரம் பீர் முகமது வந்திருந்தான். உன்னோடு விடுதியில் ஒரே அறையில் இருந்து உளவியல் படித்த அந்தக் கடையநல்லூர்ப் பையன். பையன் என்று நான்தான் சொல்கிறேன். தாடி பாதி வெளுத்துவிட்டது. ஓர் அரசுக் கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறான். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு விண்ணப்பத் தாளை எடுத்து மேசையில் வைத்தான்.

"டீச்சரம்மா, பழைய அரியர் வச்சிருக்கவங்களுக்கு யுனிவர்சிட்டி கடைசியா ஒரு சான்ஸ் குடுக்காங்க. இதுக்குப் பெறவு கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. இவனுக்கு மூணு பேப்பரும் ஒரு பிராக்டிகலுந்தான். ஒரு மாசம் உக்காந்தாம்னா முடிச்சிருவான்."

"இத அவன்ட்டல்லா சொல்லணும்? என்ட்ட எதுக்குச் சொல்லுத?"

"சொல்லாமலா? என்ன சொல்லுதான் தெரியுமா? 'பெத்த அப்பாவ எதுக்க உக்காரவச்சு நார்மல்னு எழுதுனவன்லே நான். எனக்கு எதுக்கு அந்த டிகிரி'ங்கான். எங்க செட்டுலயே ஆளப் பாத்ததும் மனசச் சொல்லுதவன் அவன் ஒருத்தந்தான். நாங்கள்லாம் புத்தகத்தப் பாத்துச் சொல்லுதவங்க. அவன்ட்டப் போயி நான் என்ன பேச?"

அவனுக்குக் காபி போட எழுந்துபோனேன். அவன் காபி குடிப்பதில்லை என்பது நினைவிருந்தும் போனேன். அடுப்புக்கு முன்னால் பற்றவைக்காமலே நின்றேன். நீ அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இருந்ததில்லை. ஆனால் அது என் காதில் விழுகிற வாக்கியமாக வந்தது அன்றுதான். அந்த வாக்கியம் தவறு. அது தவறு என்று அறிந்த ஒரே ஆள் நான். அதைத் திருத்தாமல் இருபது வருடம் வைத்திருந்ததும் நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ உளவியல் எடுத்தபோது நான் எப்படி நடந்துகொண்டேன் என்பது உனக்கு மறந்திருக்காது. கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவள், தென்காசியில் பாதிப் பெண்களுக்கு இருபடிச் சமன்பாடு சொல்லிக்கொடுத்தவள் நான். என் மகன் எண்களை விட்டுவிட்டு மனிதர்களின் மனத்தை அளக்கப் போகிறான் என்பதை அவமானமாகத்தான் எடுத்துக்கொண்டேன். உன் மதிப்பெண்ணுக்குப் பொறியியல் கிடைத்தது. நீ அதை விட்டுவிட்டு அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் இளநிலைக்கு நீயாகவே எழுதிப்போட்டு இடம் வாங்கிவந்தாய். உறவினர்கள் கேட்டால் "பி.எஸ்ஸி. படிக்கிறான்" என்று சொல்லிவிட்டு, என்ன பாடம் என்று அவர்கள் வாய் திறப்பதற்குள் அவர்கள் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி விசாரிப்பேன். எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் மட்டும் அது பலிக்கவில்லை. மனம் கலங்கியவர்களைக் கூட்டிவந்து ஒரு மண்டலம் அருவியில் நிறுத்துகிற ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவாரா? "என்ன டீச்சர், பையன் கிறுக்குக்கு வைத்தியம் படிக்கப் போறானாமே? இங்கன குத்தாலத்துல தண்ணி சும்மாதான விழுது. அதுக்கு எதுக்கு மூணு வருசம்?" என்றார். நீ சிரித்தாய். நான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

உன் அப்பாவுக்கு அந்த வெட்கம் எதுவும் இல்லை. ரயிலடிக்கு உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்தான் வந்தார். தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புகளோடு பேசிப் பழகி, மனிதர்களோடு குறைவாகப் பேசுகிற ஆள். வண்டி கிளம்பும் முன் உன்னிடம் ஒன்று கேட்டார். "எய்யா, ஒருத்தன் வாயத் திறந்து சொல்லாம இருந்தா, அவனுக்குள்ள என்ன இருக்குன்னு இந்தப் படிப்புல கண்டுபிடிச்சிர முடியுமா?" நீ ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து, "முடியும்ப்பா. அதுக்குத்தான டெஸ்ட்டெல்லாம் இருக்கு" என்றாய். அவர் தலையாட்டிக்கொண்டார். பதினேழு வயதுப் பையன் சொன்ன அந்தப் பதிலை அவர் எவ்வளவு பத்திரமாக வைத்துக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நீ இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அவர் ஓய்வு பெற்றார். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனார். அதைச் சொல்ல எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. அச்சன்புதூர் வயலைப் பார்க்க வாரம் இருமுறை சைக்கிளில் போகிறவர், "குத்தகைக்காரன் பாத்துக்கிடுவான்" என்று நிறுத்தினார். சவரம் செய்துகொள்வது நின்றது. செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் காலை முழுவதும் உட்கார்ந்திருப்பார். இதற்கு நான் சோம்பல் என்று பெயர் வைத்தேன். அவரிடம் அப்படியே சொல்லவும் செய்தேன். துக்கத்துக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. கடன் இல்லை, இருந்த சர்க்கரை நோயும் முற்றவில்லை, மகன் நன்றாகப் படிக்கிறான். காரணம் இல்லாதபோது துக்கம் மட்டும் எப்படி இருக்கும்? அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகலாம் என்று ஒருமுறை தோன்றியது. அங்கே சீட்டு எழுதுகிற பெண் என் பழைய மாணவி. எந்தப் பிரிவு என்று அவள் கேட்பாளே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அண்ணாச்சி சொன்னதற்குக் கோபித்துக்கொண்ட நானே ஒரு விடியற்காலையில் உன் அப்பாவை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். கிறுக்குக்காக இல்லை, உடம்பு சுறுசுறுப்பாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட்டம் வருவதற்கு முன் போனோம். நெடுநேரம் நின்றுவிட்டு வெளியே வந்து, "இங்கன நின்னா சத்தத்துல ஒண்ணும் கேக்கல. நல்லாருக்கு" என்றார். வேறு இடங்களில் உங்களுக்கு என்ன கேட்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். "தலைய நல்லாத் துவட்டுங்க, சளி பிடிக்கும்" என்றேன்.

இப்போது அந்த ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. உன் விடுமுறை முடிய ஒரு வாரம் இருந்தது. சாரல் தொடங்கிவிட்டால் நம் ஊரில் ஒவ்வொரு வீடும் சத்திரம் என்பது உனக்குத் தெரியும். பத்து மாதம் எட்டிப் பார்க்காத உறவுகளுக்கெல்லாம் நம் மேல் பாசம் பொங்குகிற காலம். அன்று வீட்டில் பதினோரு பேர். பீர் முகமதுவும் வந்திருந்தான். அவனோடு மதுரையிலிருந்து இன்னொரு பையன். செய்முறைப் பதிவேட்டுக்காக வீட்டில் ஒருவரைச் சோதித்து எழுதிக்கொண்டு போக வேண்டும் என்று நீ ஒரு கேள்வித் தாளைக் கொண்டுவந்திருந்தாய். அறுபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதவைக்க வேண்டும் என்பது விதி. நீ அப்பாவைத் தேர்ந்தெடுத்தாய். மேசைக்கு முன் அவரை உட்கார்த்தி, "அப்பா, இதுல சரி, தப்புன்னு ஒண்ணும் கிடையாது. மனசுல உள்ளத அப்படியே போடுங்க, போதும்" என்றாய். அதற்குள் உள்ளேயிருந்து நான் கூப்பிட்டேன். "ஏலே, விருந்தாளியத் தனியாவா அருவிக்கு அனுப்புவ? நாலு பேரு என்ன சொல்லுவாங்க? எந்திரி." அப்பாவும், "நீ போயிட்டு வா எய்யா. நான் எழுதி வைக்கேன்" என்றார். நீ போனாய். நீ மீறிய விதி அது ஒன்றுதான். அதையும் நான் சொல்லித்தான் மீறினாய்.

அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் எழுதினார். பென்சிலைச் சீவிச் சீவி எழுதினார். எழுதி முடித்துத் தாளை நேராக வைத்து, அதன் மேல் மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடையாக வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். சாப்பாட்டுக்கு மேசையை ஒழிக்கப் போன நான் அதைப் படித்தேன். காலையில் எழும்போதே அலுப்பாக இருக்கிறதா என்பதற்கு ஆம். முன்பு பிடித்தவை இப்போதும் பிடிக்கின்றனவா என்பதற்கு இல்லை. காரணமில்லாமல் அழ வேண்டும் போல் இருக்கிறதா என்பதற்கு ஆம். கடைசிக்கு முந்தைய கேள்வி, நீங்கள் இல்லாமல் இருந்தால் வீட்டில் உள்ளவர்களுக்கு நல்லது என்று தோன்றியதுண்டா என்பது. அதற்கும் ஆம். குமாஸ்தா அல்லவா, வெறும் கட்டத்தோடு விட அவருக்கு மனம் வரவில்லை. ஓரத்தில், கோப்பில் குறிப்பு எழுதுகிற அதே சிறிய எழுத்தில், "சில நாட்களில்" என்று எழுதியிருந்தார்.

எனக்கு அப்போது வந்தது பயமென்றோ இரக்கமென்றோ எழுத ஆசைதான். வந்தது கோபம். இந்தத் தாளை முன்பின் தெரியாத பேராசிரியர் படிப்பார், நாற்பது பிள்ளைகள் படிப்பார்கள், டீச்சர் வீட்டில் புருஷன் இப்படி இருக்கிறார் என்று பேசுவார்கள் என்று கோபம். இன்னொன்றும் இருந்தது. முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கைக்கு, சரியான விடை இல்லாத ஒரு வினாத்தாள் உலகத்தில் உண்டு என்று நம்ப முடியவில்லை. மேலே அச்சடித்தே இருந்தது, நீயும் சொல்லியிருந்தாய். எனக்கோ, அந்த மனிதர் தேர்வில் தோற்றுவிட்டார், அதனால் மகனுக்கும் மதிப்பெண் குறையப்போகிறது என்றுதான் பட்டது. உன் பையில் இன்னொரு வெற்றுத் தாள் இருந்தது. எடுத்துவந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பென்சிலால் அறுபதையும் எழுதினேன். பத்தொன்பது விடைகளை மாற்றினேன். நூற்றுக்கு நூறு வாங்கினால் காப்பியடித்ததாகச் சந்தேகம் வரும் என்பது எனக்குத் தெரியும். அதனால் இரண்டு மூன்று சின்னக் குறைகளை விட்டுவைத்தேன். ஓரக் குறிப்பை எழுதவில்லை. அந்தத் தாளைக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்தேன். அவருடையதை என் மடக்கை அட்டவணைப் புத்தகத்துக்குள் வைத்தேன். வீட்டில் யாரும் திறக்காத புத்தகம் அதுதான்.

நீ தலை ஈரத்தோடு வந்தாய். விருந்தினருக்காக அவர் முற்றத்தில் உட்கார்ந்து மங்குஸ்தான் பழத்தைச் சுளை கலங்காமல் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நீ மேசையிலேயே கூட்டிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே சொன்னாய். "அப்பா, நீங்க சுத்தமா நார்மல். என்னைய விட நார்மல்." எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கையில் பாதி உடைத்த பழத்தோடு, "நல்லாப் பாத்தியாய்யா?" என்று கேட்டார். "பாத்துட்டேம்ப்பா." "எல்லாக் கேள்வியும் பாத்தியா?" "அறுபதும் பாத்தாச்சுப்பா." அவர் "அப்படியா" என்றார். பிறகு அந்தப் பழத்தை உடைத்து உன்னிடம்தான் நீட்டினார். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அப்போது பேசியிருக்கலாம். குழம்பு கொதிக்கிறது என்று உள்ளே போனேன்.

தான் சொல்ல முடிந்த ஒரே வழியில் அவர் சொல்லிவிட்டார். படித்த மகன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சிரித்தான். அவரைப் பொறுத்தவரை நடந்தது அதுதான். இரண்டு மாதம் கழித்து, நான் பள்ளிக்குக் கிளம்பும்போது சொன்னார். "படிச்ச பையன் பாத்துச் சொல்லிட்டான் ஒண்ணுமில்லன்னு. அப்பம் ஒண்ணுமில்லதான். நாந்தான் ஒழுங்கா இருக்கணும்." நான் "ஆமா" என்றேன். பத்தொன்பது விடைகளை மாற்றியதை விட அந்த ஒரு "ஆமா"வுக்காகத்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன். முதலாவதை அவசரம் என்று சொல்லித் தப்பலாம். இரண்டாவதைச் சொல்லும்போது எனக்கு எந்த அவசரமும் இல்லை. பேருந்து வரப் பத்து நிமிடம் இருந்தது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அடுத்த சித்திரையில், உன் கடைசிப் பருவத் தேர்வுக்கு நடுவில், அவர் போனார். சர்க்கரை ஏறி மயங்கிக் கிடந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியங்கள் முடிந்தபின் குடும்ப அட்டையைத் தேடிப்போன நீதான் பீரோவுக்குப் பின்னால் அந்தப் பாட்டிலைக் கண்டெடுத்தாய். தினமும் காலையில் நான் அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போன சர்க்கரை மாத்திரைகள் கழுத்து வரை நிரம்பியிருந்தன. "போட்டுக்கிடுதேன், நீ கிளம்பு" என்பார், நான் கிளம்புவேன். நீ பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "அம்மா, நான் இவர டெஸ்ட் பண்ணேம்மா. என் கையால ஸ்கோர் போட்டேம்மா" என்றாய். புத்தகம் உன் தலைக்கு மேல், அதே பீரோவில் இருந்தது. நான் கையை நீட்டினால் எட்டும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் துக்கத்தைக் கூட்டக் கூடாது என்று நினைத்தேன் என்பது அழகான விடை. அது மாற்றி எழுதிய விடை. சொன்னால் நீ என்னை வெறுப்பாய் என்று பயந்தேன். அதற்கு நீ உன்னையே வெறுத்துக்கொள்வது எனக்குப் பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். இதுதான் ஒளித்துவைத்த விடை. நீ படிப்பை விட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் பம்பு விற்கப் போனபோது, "நல்ல வேலை" என்று ஊருக்குச் சொன்னேன். பதவி உயர்வு வந்தபோது உளவியலைக் கைகழுவியது நல்லதாயிற்று என்றுகூட உன்னிடமே ஒருமுறை சொன்னேன். நீ ஒன்றும் பேசாமல் சாப்பிட்டாய். உன் அப்பா பேசாமல் இருந்ததைப் போலவே இருந்தது.

தாளில் உள்ளதை நீ அன்று பார்த்திருந்தால் அவர் இருந்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. அதைக் கணக்கிட எந்தச் சூத்திரமும் இல்லை என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது. ஆனால் ஒன்று நிச்சயம். உன் கூட்டல் சரி. நீ பார்த்த தாளில் இருந்த மனிதருக்கு ஒன்றும் இல்லைதான். அந்த மனிதர் நம் வீட்டில் இருந்ததில்லை. நான் சமையலறையில் செய்தவர். நீ குருடன் அல்ல. உன் கண்ணுக்கு முன்னால் இருந்ததை நான் எடுத்து ஒளித்தேன்.

உனக்கு அறிவுரை சொல்லுகிற தகுதி எனக்கு இல்லை என்று இதற்குள் முடிவு செய்திருப்பாய். தகுதி பார்த்து நான் என்றைக்கு அறிவுரை சொன்னேன்? தேர்வு எழுதப்போனால், கேள்வி கேட்டவன் பதில் வரும் வரை எழுந்து போகக் கூடாது; பெற்ற தாய் விருந்தாளிகளைக் காட்டிக் கூப்பிட்டாலும் கூடாது. எழுதாமல் போனாலும், உன் பிள்ளைகள் என்றாவது எதையாவது தவறாக எழுதிக்கொண்டு வந்தால், அழிரப்பரைத் தேடுவதற்கு முன் ஒருமுறை படி. இந்தக் கடிதத்தைப் பீர் முகமது தன் மாணவர்களுக்குப் படித்துக் காட்ட விரும்பினால் காட்டட்டும். ஊர் பேசுகிற பேச்சு ஏதும் என்னைத் தேய்த்துவிடாது. தேய வேண்டியதெல்லாம் தேய்ந்துவிட்டது. என்னை மன்னிக்கச் சொல்லி இந்தக் கடிதத்தில் எங்கும் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். அது உனக்கு இன்னொரு வேலையாகிவிடும்.

உறைக்குள் இரண்டு தாள்கள் இருக்கின்றன. பழுப்பேறியது அப்பாவுடையது. பென்சில் மங்கியிருக்கிறது, வெளிச்சத்தில் வைத்துப் படி. அறுபதையும் பார். நல்லாப் பாத்தியாய்யா என்று அவர் கேட்டதற்கு, பார்த்துவிட்டுப் பதில் சொல்.

மற்றது பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம். கடைசித் தேதி மேலேயே அச்சாகியிருக்கிறது. ஒரு வாரமாக அது என் மேசையில், என் பேனாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, பழைய பதிவு எண் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு கட்டத்தைக்கூட நான் நிரப்பவில்லை.

அம்மா